வீட்டுப் பலகாரத்தை ஆன்லைனில் விற்க: நம்பி வாங்கும்படி விளம்பரம் எழுதுவது எப்படி? (குமரி மாவட்டத்தில் புதிதாகத் தொடங்குவோருக்கு)

முந்திரிக்கொத்தும் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸும் கைப்பக்குவமாக வருகிறது, அக்கம்பக்கத்தார் காசு கொடுத்து வாங்குகிறார்கள், இனி வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் போடலாம் என்று இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் தக்கலைப் பக்கம். பதிவுக்கும் லேபிளுக்கும் அலைந்த நாட்களில் ஆளுக்கொரு துண்டாகத்தான் விவரம் சொன்னார்கள். ஒருவர் லைசென்ஸே வேண்டாம் என்பார், அடுத்தவர் ஐந்து லைசென்ஸ் வேண்டும் என்பார். அந்தத் துண்டுகளை வரிசைப்படுத்தித் தருகிறேன்.

விளம்பரம் என்றதும் எல்லோரும் படத்தையும் வர்ணனையையும் யோசிக்கிறார்கள். முகம் தெரியாத வீட்டு அடுக்களையிலிருந்து பலகாரம் வாங்குகிறவர் பார்ப்பது வேறு: யார் செய்தது, என்ன போட்டது, என்றைக்குச் செய்தது, கெட்டுப்போனால் யாரிடம் கேட்பது. இதற்கெல்லாம் பதில் எழுத வேண்டுமானால், எழுதுகிற ஒவ்வொரு சொல்லுக்கும் உங்கள் கையில் ஒரு தாளோ ஓர் அளவோ இருக்க வேண்டும். அதனால் தாளில் தொடங்குவோம்.

ஓணம், தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று ஏதாவது ஒரு சீசனைக் குறிவைத்தால், அதற்கு இரண்டு மாதம் முன்பே கீழே உள்ள முதல் படியைத் தொடங்கிவிடுங்கள்.

1. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு கைக்கு வரும் முன் போஸ்ட் போடாதீர்கள்

வீட்டில் செய்து விற்றாலும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்கிற உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையத்தின் பதிவு வேண்டும். ஆண்டு விற்பனை ஒரு வரம்புக்குள் உள்ள சிறு தயாரிப்பாளருக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை, ‘பதிவு’ போதும். வரம்பு 12 லட்சம் ரூபாய், கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய் என்பது 2011 விதிமுறைக் கணக்கு. வரம்பும் கட்டணமும் அவ்வப்போது திருத்தப்படும் என்பதால் விண்ணப்பிக்கும் அன்று ஃபோஸ்காஸ் (இந்தப் பதிவுக்கான அரசு இணையதளம்) காட்டுவதையே கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தேவையான தாள்கள் கொஞ்சம்தான்: பாஸ்போர்ட் அளவுப் படம், ஆதார் போன்ற அடையாளச் சான்று, பலகாரம் செய்யும் இடத்தின் முகவரிச் சான்று. சிக்கல் வருவது மூன்றாவதில். நம் ஊரில் பாதி வீடுகளில் கரண்ட் பில் மாமனார் பெயரிலோ, இறந்துபோன தாத்தா பெயரிலோ இருக்கும். ஆதாரில் இருப்பது பிறந்த வீட்டு முகவரி. வீட்டு உரிமையாளரிடமிருந்து ‘இந்த வீட்டில் இன்னார் உணவுத் தொழில் செய்ய எனக்கு ஆட்சேபணை இல்லை’ என்று கையெழுத்திட்ட கடிதமும், வீட்டுவரி ரசீது நகலும் முதலிலேயே எடுத்து வையுங்கள். வாடகை வீடு என்றால் ஒப்பந்த நகல்.

விண்ணப்பத்தில் தொழில் வகை கேட்கும் இடத்தில் நிதானம் வேண்டும். பொட்டலமிட்டுப் பலகாரம் விற்பவர் தயாரிப்பாளர். தினச் சாப்பாடு கட்டிக்கொடுப்பவருக்கு வேறு வகை. எனக்கு விண்ணப்பம் போட்டுத் தந்த புரோக்கர், அரசுக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு வாங்கிக்கொண்டு ‘சில்லறை விற்பனை’ என்று போட்டுவிட்டார். அதைத் திருத்துவதற்குள் ஓணம் போய்விட்டது. ஃபோன் வழியாகவே நீங்களாகச் செய்யலாம். முடியாவிட்டால் இ-சேவை மையத்துக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டத்தையும் படித்துப் பார்த்துவிட்டு அழுத்தச் சொல்லுங்கள்.

விதிப்படி 7 நாட்களுக்குள் பதிவு தரலாம், காரணம் சொல்லி மறுக்கலாம், அல்லது நேரில் பார்க்க வருவதாகத் தெரிவிக்கலாம்; ஆய்வு என்றால் 30 நாட்களுக்குள் முடிவு. உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. தண்ணீர், குப்பைக்கூடை, எண்ணெய் வைத்திருக்கும் பாத்திரம், எலி புகாத அலமாரி என்று பார்ப்பார்.

வரும் எண் 14 இலக்கம். பதிவு எண் 2-இல் தொடங்கும், லைசென்ஸ் எண் 1-இல் தொடங்கும். தெரிந்தவரின் எண்ணை இரவல் வாங்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த எண்ணை ஃபோஸ்காஸில் அடித்தால் யார் பெயர், எந்த ஊர் என்று வந்துவிடும். இதைத் தெரிந்த வாடிக்கையாளர்கள் இப்போது நிறைய.

2. எத்தனை நாள் தாங்கும் என்பதை நீங்களே சோதியுங்கள்

பதிவுக்காகக் காத்திருக்கும் வாரங்களில் செய்ய வேண்டிய வேலை இது. ஒரே ஈடில் (ஒரே தடவை செய்ததில்) எடுத்த பத்துப் பாக்கெட்டை விற்கப்போகும் அதே கவரில், அதே சீலில் போட்டு அலமாரியில் வையுங்கள். சில நாட்களுக்கு ஒன்றாகப் பிரித்து, மொறுமொறுப்பு, எண்ணெய் காறிய வாடை, பூஞ்சை மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். முதலில் குறை தெரிந்த நாளிலிருந்து நன்றாகப் பின்வாங்கி உங்கள் கெடுநாளை வையுங்கள்.

நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஏப்ரலில் ஒரு மாதம் நொறுங்கிய சிப்ஸ், ஜூலை ஈரக்காற்றில் அதில் பாதி நாட்களிலேயே நமுத்துவிடும். அதனால் மழைக்கால விளம்பரத்தில் நாளைக் குறைத்துப் போடுங்கள். தேங்காய் சேரும் எதற்கும் இன்னும் கவனம். மீன் ஊறுகாயும் செம்மீன் சம்மந்திப் பொடியும் நன்றாக விலைபோகும்தான், ஆனால் தொடக்கத்திலேயே அதில் கைவைக்காதீர்கள். ஆறு மாதம் பொரித்த பலகாரத்தில் பழகிவிட்டு வாருங்கள்.

3. லேபிள்: விளம்பரத்தின் முக்கால்வாசி இங்கேயே எழுதிவிடலாம்

பாக்கெட்டில் இருக்க வேண்டியவை: பொருளின் பெயர், சேர்மானங்கள் (எடையில் அதிகமானது முதலில்), நிகர எடை, செய்த தேதி, கெடுநாள், ஈடு எண், சேமிக்கும் முறை, உங்கள் பெயர் முகவரி, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சின்னமும் எண்ணும், எல்லா வரியும் உட்பட்ட அதிகபட்ச விலை, கிராம் விலை, புகாருக்கான ஃபோன் எண். 250 கிராம் 150 ரூபாய் என்றால் கிராமுக்கு 0.60 ரூபாய் என்று போட வேண்டும். சைவத்துக்குப் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம். அசைவத்துக்குப் பழுப்புச் சதுரத்துக்குள் முக்கோணம். பழைய டிசைனில் வட்டமாக இருக்கும், அச்சகத்தில் அதையே எடுத்துப் போட்டுவிடுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வாமை தரும் பொருள்களைத் தனியாகச் சொல்ல வேண்டும்: மைதா, கோதுமை, பால், முட்டை, மீன், இறால், நிலக்கடலை, முந்திரி, பாதாம், சோயா போன்றவை.

பொட்டலமிட்டு விற்பவர்கள் சட்டமுறை எடையளவு விதிகளின்கீழும் பதிய வேண்டும். பொட்டலமிடத் தொடங்கி 90 நாட்களுக்குள் விண்ணப்பம், கட்டணம் 500 ரூபாய். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வேண்டும். சமையலுக்கு ஆன்லைனில் வாங்கிய குட்டித் தராசை நம்பி எடை போடாதீர்கள்.

ஆயிரம் ஸ்டிக்கரை மொத்தமாக அடித்தால் மலிவு என்பார்கள். முதல் தடவை நூறுக்கு மேல் அடிக்காதீர்கள். விலையோ எண்ணெயோ மாறினால் மீதியெல்லாம் குப்பை.

4. விலையை வெளியே எழுதுங்கள்

‘விலைக்கு இன்பாக்ஸ் வாங்க’ என்பதைப் போல ஆளை விரட்டும் வரி வேறில்லை. ஆளுக்கு ஒரு விலை சொல்வார்களோ என்ற சந்தேகம் அங்கேயே விழுந்துவிடும்.

தொலி போய், ஈரம் போய், ஒரு கிலோ ஏத்தங்காய் சிப்ஸுக்கு மூன்று கிலோவுக்குக் குறையாமல் காய் இழுக்கும். எண்ணெய், கவர், ஸ்டிக்கர், உங்கள் கூலி இவற்றோடு கேஸையும் சேருங்கள். வீட்டுச் சிலிண்டர் வீட்டுச் சமையலுக்கு மட்டும். விற்பனைக்குச் செய்ய வணிகச் சிலிண்டர் எடுக்க வேண்டும். படத்தின் ஓரத்தில் சிவப்புச் சிலிண்டர் தெரியப் போஸ்ட் போட்டுவிட்டுப் பின்னால் பதில் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள்.

ஓணத்துக்கு முந்திய வாரங்களில் ஏத்தங்காய் விலை ஏறும். அதனால் விலையோடு தேதியும் போடுங்கள்: ‘இந்த விலை ஆகஸ்ட் 15 வரை’. கூரியர் செலவை எடைக்கு ஏற்பத் தனியாக எழுதுங்கள். கவர், அட்டைப்பெட்டி எடையும் சேர்ந்துதான் கணக்காகும். 250 கிராம் பாக்கெட் இரண்டு அனுப்பினால் அரைக்கிலோ விகிதத்தைத் தாண்டிவிடும்.

5. படம்

காலை பத்து மணிக்குள் ஜன்னலோரம், ஃபிளாஷ் இல்லாமல். நீங்கள் செய்த ஈட்டின் படம் மட்டும். இணையத்தில் எடுத்த படத்தைப் போட்டால் யாராவது ஒருவர் கூகுளில் தேடிக் கண்டுபிடித்துக் கமெண்டில் போடுவார். மூன்று படம் போதும்: ஒன்று, பலகாரம் அருகில், அதில் ஒன்றை உடைத்து உள்ளே தெரிகிற மாதிரி; இரண்டு, பாக்கெட்டின் முன்பக்கம்; மூன்று, பின்பக்க லேபிள், எழுத்து படிக்கும்படி. மூன்றாவது படத்தைப் பலரும் போடுவதில்லை. எனக்கு வெளியூர் ஆர்டர் வரத் தொடங்கியது அதைப் போட்ட பிறகுதான்.

எண்ணெய் வடியச் செய்தித்தாளில் பரப்பிப் படம் எடுக்காதீர்கள். உணவைச் செய்தித்தாளில் வைப்பதும் பொதிவதும் விதிப்படி கூடாது. வாழையிலை, எவர்சில்வர் தட்டு, எதுவானாலும் சரி.

6. இனி எழுதலாம்

முதலில் நாம் தினம் பார்க்கிற மாதிரி ஒன்று:

‘100% சுத்தமான பாரம்பரிய முந்திரிக்கொத்து! கெமிக்கல் இல்லை! குழந்தைகள் முதல் சுகர் உள்ளவர்கள் வரை அனைவரும் சாப்பிடலாம்! முந்துங்கள்!’

இதில் சரிபார்க்கக்கூடிய ஒரு விவரமும் இல்லை. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

‘முந்திரிக்கொத்து. 250 கிராம், சுமார் 10 எண்ணம், 150 ரூபாய். கூரியர் தனி.
சேர்த்தது: வறுத்த சிறுபயறு, கருப்பட்டி, பச்சரிசி மாவு, தேங்காய், தேங்காய் எண்ணெய், எள், ஏலக்காய், சுக்கு, மஞ்சள்தூள், உப்பு. முந்திரிப்பருப்பு சேர்ப்பதில்லை.
பொரிப்பது செவ்வாய், அனுப்புவது புதன். திங்கள் மதியம் வரை ஆர்டர்.
செய்த நாளிலிருந்து 12 நாட்களுக்குள் சாப்பிடவும். திறந்தபின் காற்றுப் புகாத டப்பாவில் வைக்கவும்.
தக்கலை அருகே வீட்டில் செய்கிறோம். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு எண் (14 இலக்கம்). உடைந்தோ கெட்டோ வந்தால் பெற்ற 24 மணி நேரத்தில் படம் அனுப்புங்கள். பணம் திரும்பத் தருகிறோம் அல்லது புதிதாக அனுப்புகிறோம்.’

விலையும் நாளும் எடுத்துக்காட்டுக்குத்தான். உங்கள் கணக்கைப் போடுங்கள். ‘முந்திரிப்பருப்பு சேர்ப்பதில்லை’ என்ற வரி நமக்கு வேடிக்கையாகத் தெரியும். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் பெயரைப் பார்த்து ஆர்டர் போட்டவர்கள், “என்னக்கா, ஒரு முந்திரிகூட இல்லையே, ஏமாத்திட்டீங்களே” என்று கேட்டபின் சேர்த்த வரி அது. உங்கள் பலகாரம் எதுவாயினும், நம் மாவட்டத்துக்கு வெளியே உள்ளவருக்கு அது என்ன மாதிரி இருக்கும் என்று ஒரு வரி எழுதுங்கள். அச்சப்பம் இனிக்குமா, கொழலப்பம் கடினமா, மரச்சீனி சிப்ஸ் காரமா என்று அவர்களுக்குத் தெரியாது. ஏத்தங்காய், சக்கை, மரச்சீனி என்று எழுதினால் பக்கத்தில் நேந்திரங்காய், பலா, மரவள்ளி என்றும் எழுதுங்கள். தேடுகிறவர் அந்தப் பெயரில்தான் தேடுவார்.

குறையையும் எழுதலாம். ‘கருப்பட்டியின் நிறம் ஈட்டுக்கு ஈடு மாறும்’, ‘கூரியரில் நாலைந்து முறுக்கு உடையலாம்’ என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பிறகு சண்டை வராது.

7. எழுதவே கூடாதவை

2018-இல் வந்த உணவு விளம்பர விதிமுறைகள் சில சொற்களுக்கு எல்லை போட்டிருக்கின்றன. ‘சுத்தமான’ என்பது வேறெதுவும் கலக்காத ஒரே பொருளுக்குத்தான் பொருந்தும். பத்துப் பொருள் சேர்ந்த பலகாரத்துக்குப் பொருந்தாது. ‘ஃப்ரெஷ்’ என்பது கழுவியது, தொலி உரித்தது, வெட்டியது போன்றவற்றுக்கு. பொரித்துப் பாக்கெட் போட்டதற்கு அல்ல. ‘பாரம்பரிய’ என்றால் செய்முறை தலைமுறைகளாக மாறாமல் இருக்க வேண்டும். பாமாயிலில் பொரித்துவிட்டு அப்படி எழுதினால் அது பொய். ‘ஹோம்மேட்’ என்பதும் உண்மையில் வீட்டில் செய்தால் மட்டும். வேறெங்கோ மொத்தமாக வாங்கிப் பாக்கெட் மாற்றுகிறவர்கள் அந்தச் சொல்லைத் தொடக் கூடாது. ‘ஆர்கானிக்’ என்பதைச் சான்றிதழ் இல்லாமல் எழுத வேண்டாம்.

நோயின் பெயரே விளம்பரத்தில் வரக் கூடாது. கருப்பட்டி சேர்த்தால் ‘சுகர் உள்ளவர்களுக்கு நல்லது’ என்று எழுதும் பழக்கம் நம்மிடம் பரவிக் கிடக்கிறது. கருப்பட்டியும் சர்க்கரைதான், அதை நம்பித் தின்றவருக்கு ஏதாவது ஆனால் பொறுப்பு உங்களுடையது. தவறாக வழிநடத்தும் உணவு விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் சொல்கிறது. இதுபோக நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதற்கு எதிராக 1954-ஆம் ஆண்டின் தனிச் சட்டமும் இருக்கிறது.

‘ஒரிஜினல் கருப்பட்டி’ என்று எழுதும் முன் யோசியுங்கள். சந்தையில் சீனி கலந்த கருப்பட்டி நிறைய. காய்ச்சுகிறவரைத் தெரிந்து, அவரிடம் நேரடியாக வாங்கினால் ‘இன்ன ஊரில் காய்ச்சியது’ என்று எழுதுங்கள், அதுவே போதும். மட்டிப்பழ அல்வா, மட்டிப்பழ ஜாம் என்று போடுகிறவர்களுக்கும் இதே பேச்சு. கன்னியாகுமரி மட்டிப் பழத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. வேறு பழத்தைப் போட்டு அந்தப் பெயரில் விற்காதீர்கள்.

வாடிக்கையாளர் பாராட்டின் ஸ்கிரீன்ஷாட் போடும் முன் அவரிடம் கேளுங்கள், எண்ணை மறையுங்கள். யூடியூபருக்கு இலவசமாகப் பெட்டி அனுப்பினால் அது விளம்பரம் என்று அவர் சொல்லியாக வேண்டும்.

8. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம்

களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். எல்லையோர மாவட்டத்தாருக்கே உள்ள தலைவலி இது. தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை என்று எல்லோரும் சொல்வார்கள், சரிதான். ஆனால் வரிக்குட்பட்ட பொருளை வேறு மாநிலத்துக்கு அனுப்பி விற்றால் தொகை எவ்வளவு குறைவானாலும் பதிவு வேண்டும். மார்த்தாண்டத்திலிருந்து பாறசாலை பக்கம்தான்; ஆனால் அது வேறு மாநிலம். ‘ஆல் இந்தியா டெலிவரி’ என்று ஆசைக்கு எழுதிவிடாதீர்கள்.

ஜிஎஸ்டி பதிவுக்கு அரசுக் கட்டணம் இல்லை. பான், ஆதார், வங்கிக் கணக்கு, இடத்தின் சான்று போதும். ஆனால் எடுத்தபின் விற்பனையே இல்லாத காலத்துக்கும் ரிட்டர்ன் போட வேண்டும், விட்டால் தாமதக் கட்டணம் ஏறும். அதனால் தொடக்கத்தில் ‘தமிழ்நாட்டுக்குள் மட்டும்’ என்று விளம்பரத்தில் தெளிவாக எழுதுங்கள். கேரள ஆர்டர் நிலையாக வரத் தொடங்கியதும் ஆடிட்டரைப் பார்த்துக்கொள்ளலாம். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம். அதற்குப் பணம் கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் அல்ல.

9. பணமும் பெட்டியும்

போஸ்ட் போட்ட சில நாளிலேயே ‘ராணுவ கேம்ப்பிலிருந்து பேசுகிறேன், ஐம்பது கிலோ வேண்டும்’ என்று ஒரு அழைப்பு வரலாம். விலையே பேசமாட்டார். அட்வான்ஸ் அனுப்ப கியூஆர் ஸ்கேன் பண்ணச் சொல்வார். பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், யுபிஐ பின்னும் வேண்டாம், கேட்டால் வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பணம் அனுப்பியதாக ஸ்கிரீன்ஷாட் வந்தாலும் வங்கிக் கணக்கில் ஏறியதைப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியை ஒட்ட வேண்டும்.

வெள்ளி, சனியில் அனுப்பாதீர்கள். பெட்டி ஏதோ ஒரு கிட்டங்கியில் ஞாயிறு முழுக்கக் கிடக்கும். ஒவ்வொரு ஈட்டிலும் இரண்டு பாக்கெட்டை விற்காமல் கெடுநாள் வரை எடுத்து வையுங்கள். புகார் வந்தால் ஈடு எண் தெரிகிற படம் கேட்டு, உங்களிடம் உள்ளதைப் பிரித்துப் பாருங்கள். அதுவும் கெட்டிருந்தால் அந்த ஈட்டை வாங்கிய எல்லோருக்கும் நீங்களே ஃபோன் செய்து பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, போஸ்ட்டை எடுத்துவிடுங்கள்.